வெயிலுமுத்துவின் காதும் நாகலக்ஷ்மி மாமியின் கதவும்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் வெயிலுமுத்துவின் காதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் நம்பினாலும், அது சாதாரணக் காது அல்ல. சயான் பாலத்தின் மேல் டாக்ஸி ஒன்று போனால், கீழே டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை இறக்காமலே, "பின்னால இடது கதவுல ஒரு திருகாணி லூசு" என்பானாம். ஒருமுறை கல்யாண வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, கதவுக்குள் விழுந்து கிடந்த மணப்பெண்ணின் வளையலை எடுத்துக் கொடுத்தானாம். வளையல் தொலைந்ததே அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். இன்னொருவர் சொல்லும்போது அது வளையல் இல்லை, மோதிரம். மூன்றாமவர் சொன்னால் மூக்குத்தி. சொல்கிறவரின் துணிச்சலைப் பொறுத்து நகை சிறுத்துக்கொண்டே போகும்.

கதை எப்படியோ போகட்டும். இருபத்திரண்டு வருஷமாக அவன் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காதால்தான். ஒரு ஷட்டர், ஒரு மேஜை, சுவர் நிறைய வயர்ச் சுருள்கள்: அதுதான் கடை. கார்களுக்கு ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் ஹார்னும் மாட்டிக் கொடுப்பான். பெரிய கடைகளில் சத்தத்தை அளந்து பார்க்க ஏதேதோ கருவி வைத்திருக்கிறார்கள். வெயிலுமுத்து கார்க் கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காதைக் கொடுப்பான். அவன் தலை ஆடினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்தக் காதுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அதுதான் அவனுடைய பயம். அவன் அப்பா பூலோகம், பழைய எண்ணெய் டின்களைச் சம்மட்டியால் தட்டித் தகடாக்கும் வேலை பார்த்தவர். நாற்பத்தைந்தாவது வயதில் ஒரு காலையில், குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்கவில்லை என்றார். அடுத்த தீபாவளிக்கு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. அதன்பிறகு பதினேழு வருஷம் சிரித்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் சிரிப்பார், வீடு தீப்பிடித்துவிட்டது என்றாலும் சிரிப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் நாகலக்ஷ்மி மாமி கூப்பிட்டு அனுப்பினாள்.

மாமி மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருக்கிறாள். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் வேங்கடசுப்ரமணியன் பகலில் ரயில்வேயில் கணக்கு எழுதினார், சாயங்காலத்தில் மிருதங்கம் வாசித்தார். அவர் போய் மூன்று வருஷமாகிறது. கோபர்கைரனேயில் இருக்கும் மகன் அஷ்வத், அப்பா வாசித்த கச்சேரிகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமென்றால் பக்கத்துக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒன்பதிலிருந்து ஆறு வரை டிரில்லிங். அதனால் மாமி காம்பவுண்டின் கோடியில் நிற்கும் கணவரின் பழைய காரில் போய் உட்காருவாள். பின்சீட்டில், நட்டநடுவில். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம். வண்டி எங்கும் போகாது. அந்த வண்டியின் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் கிழிந்துபோனதால் புதிது மாட்டச் சொன்னாள்.

வெயிலுமுத்து மாட்டினான். குத்துக்காலிட்டு இடது கதவில் கேட்டான். சுற்றிப் போய் வலது கதவில் கேட்டான். தலை ஆடிற்று. கிளம்பிப் போனான்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"வெயிலு, தப்பா எடுத்துக்காதே. இவரோட வலது கை கேக்கறது. இடது கையைக் காணோம்."

"புரியலியே மாமி."

"மிருதங்கத்துல இடது கைப் பக்கம்தாம்ப்பா தொப்பி. கும் கும்னு அடிவயத்துலேர்ந்து வரணும். அதைக் காணோம். ஓட்டை டப்பாவைக் குச்சியால தட்டற மாதிரி இருக்கு."

கனமான சத்தம் இல்லையென்றால் இந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். ஸ்பீக்கருக்கு இரண்டு வயர், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். ஒரு கதவில் சரியாகவும் இன்னொன்றில் மாற்றியும் கொடுத்துவிட்டால் காரியம் கெட்டது. மாமியின் வண்டியில் யாரோ ஒருவன் எப்போதோ எல்லா வயரையும் கறுப்பாகவே இழுத்திருந்தான். அப்படிப்பட்ட வண்டிகளில் வெயிலுமுத்து ஸ்டீரியோவிலிருந்து டெஸ்டரால் பிளஸ் வயரைக் கண்டுபிடித்து, அதன் நுனிக்குக் கீழே ஒரு குங்குமப் பொட்டு வைப்பான். கடைப் பிள்ளையாருக்கு வைப்பதில் மிச்சம், தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு சிமிழில் எப்போதும் பையில் இருக்கும். மாமி வீட்டுக்குப் போன கையோடு இரண்டு கதவையும் கழற்றிப் பார்த்தான். இரண்டிலும் பொட்டு வைத்த வயர் பிளஸ்ஸில்தான் இருந்தது. அந்தச் சந்தேகத்தை அத்தோடு விட்டான்.

வயரில் கோளாறில்லை என்றால் காற்றில் இருக்கும். கதவுத் தகரத்தில் இருந்த ஓட்டைகளையெல்லாம் தார் பூசிய ஷீட்டால் அடைத்தான். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஃபோம் வளையம் வைத்தான். திறந்த கதவருகே குத்துக்காலிட்டுக் கேட்டான். கும் என்று தொப்பி நெஞ்சில் வந்து இடித்தது.

"இப்பம் எப்படி மாமி?"

மாமி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருந்தாள். இறங்கி வந்து, "இல்லைப்பா" என்றாள்.

"நல்லாத்தான கேக்கு?"

"உனக்குக் கேக்கறதா?"

"கேக்குல்லா."

மாமி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பரிதாபமாகப் பார்த்தாள் என்று அவனுக்குப் பட்டது. "உனக்கு என்ன வயசாறது, வெயிலு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் வயசைச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மூன்றாம் முறை ஸ்டீரியோவின் செட்டிங்கை எல்லாம் மாற்றினான். நான்காம் முறை தன் கடையிலிருந்து வேறொரு ஜோடி ஸ்பீக்கரைக் கொண்டுபோய், அதே வயர்களில் மாட்டிக் காட்டினான். சாட்சிக்குப் பக்கத்துக் கடைத் தப்ரேஸையும் கூட்டிப்போனான். தப்ரேஸ் சீட் கவர் தைப்பவன். தாராவியிலேயே பிறந்ததால் திருநெல்வேலித் தமிழை இந்தி கலந்து அடிப்பான். அவனும் கதவருகே குத்துக்காலிட்டுக் கேட்டான். பிறகு மாமி பின்சீட்டில் ஏறிக் கதவுகளையெல்லாம் சாத்திக்கொண்டாள்.

"ஏக்தம் பராபர், அண்ணே. சரியாத்தான் கேக்கு. மாமிக்கு வயசாயிட்டு. விடுங்க."

வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமிக்கு வயசாயிடுத்து, சரிதான். நீ சொன்னதும் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டுது பார்."

தப்ரேஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மிருதங்கத்தைக் கேட்டவள், மூடிய கண்ணாடி வழியாக இன்னொருத்தன் முணுமுணுப்பைப் பிடிக்கிறவள், இல்லை என்கிறாள். தனக்கு இருக்கிறது. அப்படியென்றால் இல்லாததை இருப்பதாகக் கேட்கிற காது தன்னுடையது. அப்பாவுக்குக் கேட்காமல் போயிற்று. தனக்குப் பொய்யாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டு மாடி ஏணியின் உச்சியில் மனைவி இசக்கியை நிற்கவைத்து, மெதுவாக ஏதாவது பேசச் சொன்னான்.

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு. கேக்கான்னு பாக்கணும்."

"மீன் வாங்கணும்."

"மீன் வாங்கணும். சரி. இன்னும் மெதுவா."

இசக்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "போன வாரம் மூணு தடவ சொன்னேன், மக ஷாலினி பள்ளிக்கூடத்துல நம்மள வரச்சொல்லியிருக்காகன்னு. அது கேட்டுச்சா?"

அவனுக்குக் கேட்ட ஞாபகமே இல்லை.

"சிலிண்டர் தீரப்போவுதுன்னு சொன்னது?"

இல்லை.

"எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்துன்னு ஒரு மாசமாக் கத்துதேனே, அது?"

வெயிலுமுத்து கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்தத் தெருவில் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேருக்கும் இந்த வியாதி உண்டு, அதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. இசக்கி விளையாட்டாக ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள்.

"என்ன, முகம் இப்படி வெளிறிப் போச்சு?"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். சிரித்த பிறகுதான் அது யாருடைய சிரிப்பு என்று அவனுக்கே உறைத்தது.

அடுத்த நாள் கடையைப் பாதி திறந்து போட்டுவிட்டுச் சுனாபட்டி ஸ்டேஷனுக்குப் போனான். பிளாட்பாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, ரயில் வருவது எவ்வளவு தூரத்தில் காதில் படுகிறது என்று எண்ணினான். முதல் ரயில் நன்றாகவே கேட்டது. இரண்டாவதும் கேட்டது. கேட்கிறதா, கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறோமா என்று யோசிக்கத் தொடங்கியதும் மூன்றாவது ரயில் அவன் மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர் முதுகில் கைவைத்து அவனையும் சேர்த்து உள்ளே தள்ளினார். குர்லாவில் இறங்கித் திரும்பி வந்தான்.

கடைக்கு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினான். ஹார்ன் மாட்ட வந்தவரிடம், "மெஷின் ரிப்பேர்" என்றான்.

"என்ன மெஷின்?" என்றான் தப்ரேஸ், அவர் போனபிறகு. "உங்ககிட்ட மெஷினே கிடையாதே, அண்ணே."

வெயிலுமுத்து தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

தப்ரேஸ் வாயில் இருந்த நூலைத் துப்பினான். பிறகு, "நம்ம தொழிலுக்குக் காது வேண்டாம். கண்ணு போதும். வாங்க, சொல்லித்தாரேன்" என்று தன் தையல் மெஷின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். வெயிலுமுத்துவும் உட்கார்ந்தான். ஒரு முழம் ரெக்ஸினில் கோணல்மாணலாகத் தையல் ஓடியது. மெஷினின் உருளையில் எண்ணெய் போதாமல் ஒரு கிறீச்சு. அவன் எழுந்து போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்து, அந்தக் கிறீச்சு நிஜமாகவே இருந்ததா என்று தப்ரேஸிடம் கேட்டான். தப்ரேஸுக்கு அப்படி ஒரு சத்தம் தெரியவே தெரியாது. வெயிலுமுத்து ரெக்ஸினை மடித்து வைத்துவிட்டு, மாட்டுங்காவுக்குப் பஸ் ஏறினான். மாமியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

பக்கத்துக் கட்டடத்தில் சாப்பாட்டு நேரம், டிரில்லிங் நின்றிருந்தது. மாமி காரின் பின்சீட்டில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் கதவைத் திறந்தாள்.

"வேற ஆளப் பாருங்க மாமி" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "செம்பூர்ல பெரிய கடையெல்லாம் இருக்கு. கருவி வச்சுப் பாப்பாக. என்னால ஆகாது."

"ஏன் ஆகாது?"

"எனக்குக் காது போயிட்டு."

சொல்லியாகிவிட்டது. முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எப்போதும் உட்காருகிற மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஆடிட்டர்களை அழவைத்த பார்வை அது.

"எங்கே உக்காந்துண்டு கேட்டே?"

"இங்கனதான்."

"இந்தப் பத்து நாளும்?"

"ஆமா. இப்படித்தான் கேப்போம்."

"நான் அங்கேயாப்பா உக்காந்துண்டிருக்கேன்?"

அவன் பின்சீட்டைப் பார்த்தான்.

"உள்ளே ஏறு."

வெயிலுமுத்து தன் பேண்ட்டைப் பார்த்தான். சீட்டில் விரித்திருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் எந்த வாடிக்கையாளரின் சீட்டிலும் உட்கார்ந்தது கிடையாது. தொழில் பழகிய முதல் மாதத்தில் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறான். வண்டிக்காரர் அவன் எழுந்ததும் சீட் கவரை உருவி ரோட்டில் எறிந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து குத்துக்கால்தான். கை மட்டும் வண்டிக்குள் போகும்.

"கிரீஸ் மாமி."

"துவைக்கறதுக்கு சோப்பு இருக்கு. ஏறு. நடுவுல உக்காரு, அங்கேதான் காணாமப் போறது."

ஏறினான். சீட்டின் விளிம்பில், விரலளவு இடத்தில் உட்கார்ந்தான். மாமி அவன் தோளைப் பிடித்துச் சாய்த்தாள். எல்லாக் கதவையும் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பாட்டைப் போட்டாள்.

பாடுகிறவரின் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. முன்னாலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. ஆளில்லாத குரலாக அவன் பிடரிக்குப் பின்னால் மிதந்தது. இரண்டு காதையும் யாரோ மெல்ல உள்ளிருந்து உறிஞ்சுவது போலிருந்தது. மிருதங்கத்தின் வலது பக்கம் கிணுங் கிணுங் என்றது. இடது பக்கம் விழவேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பள்ளம்.

வெயிலுமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு சுற்று கேட்டான். பள்ளம். மறுபடியும் பள்ளம். கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசையில் நின்றது.

"நல்லால்ல, மாமி" என்றான். "படுகேவலமா இருக்கு."

"அதைத்தானே பத்து நாளா சொல்லிண்டிருக்கேன்."

"இல்ல மாமி. எனக்கே கேவலமாக் கேக்கு. எனக்கே." அவன் சிரித்தான், அழுதான், வெள்ளைத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிரீஸை அதில் அப்பிவிட்டதைப் பார்த்து மறுபடி சிரித்தான். கெட்ட சத்தத்தைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் மாட்டுங்காவில் அவனுக்கு முன்னும் இருந்ததில்லை, இனிமேலும் இருக்கப்போவதில்லை.

இந்தச் சத்தத்தை அவனுக்குத் தெரியும். பிளஸ் மைனஸ் மாறிப்போய், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வடிவக் கோன் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால், மூடிய வண்டிக்குள் கனமான சத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மெல்லியவை மட்டும் தப்பிக்கும். ஒரு கதவைத் திறந்துவைத்து அதன் வாயருகே உட்கார்ந்தவனுக்கு அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும், அதனால் எல்லாம் சரியாகவே இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் தங்கம், ஒரே வீட்டில் விட்டால் சோறு வேகாது; அந்த மாதிரி ஜோடி.

ஆனால் இரண்டு வயரிலும் பொட்டு இருந்ததே?

பையிலிருந்து ஒரு பென்சில் செல்லை எடுத்தான். இரண்டு கதவிலும் ஸ்பீக்கரின் வலைமூடியைக் கழற்றினான். ஸ்டீரியோவைப் பிடுங்கி, அதன் பின்னால் இருந்த பிளஸ் முனையில் செல்லின் தலையையும் மைனஸில் அடியையும் தொட்டான். இடது கதவின் கோன் டொக்கென்று வெளியே துள்ளியது. வலது கதவுக்குரிய முனைகளில் அதேபோலத் தொட்டான். வலது கோன் வெட்கப்பட்டது போல உள்ளே போயிற்று.

"பொட்டு மாறிக் கெடக்கு" என்றான். "எப்படி மாறும்? நாந்தான வச்சேன்."

மாமி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது வழக்கமில்லையாதலால் அவன் திரும்பிப் பார்த்தான்.

"மாட்டின அன்னிக்கு நடுவுல நீ கிளிப் வாங்கப் போனியோன்னோ" என்றாள் மாமி.

போனான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய்க் கிளிப் வாங்கி, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தான்.

"புது சாமான் வந்திருக்கேன்னு குங்குமச் சிமிழை எடுத்துண்டு கீழே வந்தேன். இடது கதவுல ஒரு வயருக்கு நீ அழகாப் பொட்டு வெச்சிருந்தே. வலது கதவு வெறும் நெத்தியா நின்னுது. ஒண்ணுக்கு வெச்சு இன்னொண்ணை அப்படி விடப்படாதுன்னு அங்கேயும் ஒரு வயருக்கு வெச்சேன்." மாமியின் நெற்றியில் மூன்று வருஷமாகத் திருநீற்றுக் கீற்று மட்டும்தான். "ரெண்டும் கறுப்பாத்தானே இருந்தது. எது கைக்குக் கிட்டக்க இருந்துதோ அதுக்கு."

வெயிலுமுத்து நினைத்துப் பார்த்தான். இடது கதவுக்கு டெஸ்டர் வைத்தது ஞாபகம் வந்தது. வலது கதவுக்கு வைத்ததாக இத்தனை நாள் சத்தியம் செய்திருப்பான். வைக்கவில்லை. திரும்பி வந்தபோது பொட்டு இருந்தது. பொட்டு இருந்ததால், தான் வைத்ததாகவே நினைத்துக்கொண்டான்.

"என்னைத் திட்டணும்னா திட்டிடு" என்றாள் மாமி.

"உங்களத் திட்டி என்ன செய்ய, மாமி. செல்லு என் பையிலதான கெடந்துச்சு. அன்னைக்கே தொட்டுப் பாத்திருக்கணும்."

வயரை மாற்றிப் போட அவனுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கதவருகே குத்துக்காலிட்டான். மாமி பின்சீட்டைத் தட்டினாள். ஏறி உட்கார்ந்தான். கதவுகள் சாத்தப்பட்டன. பாடகர் பிடரியிலிருந்து இறங்கி வந்து முன்னால், கண்ணாடிக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேங்கடசுப்ரமணியனின் இடது கை கும் என்று இறங்கியது, சீட் அதிர்ந்தது. மாமி மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பாட்டு நடுவில் வந்தபோது வெயிலுமுத்து தலையைச் சாய்த்தான். புருவத்தைச் சுருக்கினான்.

"என்ன? மறுபடியும் ஏதாவது போயிடுத்தா?"

"இல்ல மாமி. பாட்டுக்குள்ளார யாரோ குறட்டை விடுதாக."

"கச்சேரியிலயா?"

"ஆமா. முன்வரிசையில. வலது பக்கம். பொம்பளக் குறட்டை. தொப்பி அடிக்கும்போது மறைஞ்சுபோவுது, அவரு கையெடுத்ததும் வருது."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது ராமநவமிக் கச்சேரி. அன்னிக்கு பாங்க்ல வருஷக் கணக்கு முடிப்பு. மூணு நாள் தூங்கலை. ஆபீஸ்லேர்ந்து நேரா போய் முன்னாடி உக்காந்தேன். நான் தலையை ஆட்டிண்டு ரசிச்சேன்னு இவர் கடைசி வரைக்கும் எல்லார்ட்டயும் சொல்லிண்டிருந்தார்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"என்னத்தைச் சொல்லச் சொல்றே?" மாமி மூக்கை உறிஞ்சினாள். "எங்கே, இன்னொரு தடவை போடு. நிஜமாவே அப்படியா விடறேன்னு பாக்கறேன்."

அவன் பின்னால் நகர்த்திப் போட்டான். மாமி கண்ணை மூடி, முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு கேட்டாள். மூன்று தடவை போடச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே, வெயிலு."

"எனக்குக் கேக்கு, மாமி" என்றான் அவன். டிரில்லிங் மறுபடி ஆரம்பிக்கிற வரைக்கும் அங்கேயே, சீட்டில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "நல்லாக் கேக்கு."